மூன்று டிகிரி

ஒன்பதாம் நம்பர் மட்டையின் தலையை இரும்புப் பிடிக்குள் வைத்துத் திருகி இறுக்கி, கோணமானியை அதன் முகத்தோடு ஒட்ட வைத்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, "நாப்பத்தஞ்சுங்க மேடம்" என்றார் மருதாசலம். மனோன்மணி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையாட்டினாள். நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்து. எண்ணைக் கேட்டுப் பதறுகிற ஆள் இல்லை அவள். இருபத்திரண்டு வருஷம் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் நூலின் பருமனையும் முறுக்கையும் எத்தனை எடைக்கு அறுகிறது என்பதையும் எழுதி எழுதியே காலத்தை ஓட்டியவள். பதறுவது மேனேஜர்களின் வேலை, எழுதுவது நம் வேலை என்று அங்கே அவளே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். வெளியே பீளமேட்டு வெயில். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது, இரும்புத்தூள் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. லேத்துக்கும் பம்ப்செட்டுக்கும் பேர்போன தெருவில் கோல்ஃப் மட்டை பார்க்க ஒரு கடை இருக்கும் என்று யார் நினைத்தது. கிளப்பில் லீலா சொல்லித்தான் தெரியும். பெங்களூருக்கே போக வேண்டாம் மனோ, நம்ம ஊர்லயே ஒருத்தர், டூல்ரூம்ல இருந்து ரிட்டயர் ஆனவர், மெஷின் வெச்சுப் பாக்கிறார் என்று. சரி, கடைசியாக ஒரு தடவை மட்டையையும் பார்த்துவிடுவோம் என்று வந்தாள். மட்டை சரியாக இருந்தால் கோளாறு கையில்தான். கையில்தான் என்றால் இந்த சீசனோடு இல்லை, இன்றோடு, பன்னிரண்டு மணிக்குள் கிளப் செக்ரட்டரிக்குப் போன் போட்டு, வருஷாந்திரப் போட்டியிலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட வேண்டியது. மறுபடியும் பேரைக் கொடுக்கப் போவதில்லை. ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். சுவரில் மணி பத்து ஐம்பது. ஆனால் ஒன்பதாம் நம்பருக்கு நாற்பத்தைந்தா? அவள் மெதுவாகத்தான் அந்த எண்ணுக்குத் திரும்பினாள், தெருவில் தாண்டிப் போய்விட்ட பிறகு தெரிந்த முகம் என்று உறைத்துத் திரும்பிப் பார்ப்பதுபோல. நாற்பத்திரண்டு அல்லவா இருக்க வேண்டும்.

"நாப்பத்திரெண்டுங்களே அது" என்றாள். "ஆமாங்க, கம்பெனிக்காரன் நாப்பத்திரெண்டுன்னுதான் போட்டிருக்கான். மொத மட்டையிலயும் மூணு கூடத்தான் வந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லலைங்க. இதையும் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். சாய்வு கூடினால் பந்து வானத்தைப் பார்த்து எகிறிக் கிட்டத்தில் வந்து விழும், குறைந்தால் தாழப் பறந்து தூரம் போகும். இது கோல்ஃபில் அரிச்சுவடி. மூன்று டிகிரிக்குப் பத்து யார்டு, கொஞ்சம் முன்னே பின்னே. பத்து யார்டு. அந்தப் பத்து யார்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். மார்ச் மாசத்திலிருந்து அதோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள். குளத்தைத் தாண்டிப் போகவேண்டிய பந்து குளத்தில் விழுந்தது. கொடிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய பந்து மணல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு மட்டை மட்டும் சதி செய்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரும்பு மட்டைகள் ஆறும் ஒரே அளவுக்கு, ஒழுங்காக, படிப்படியாகக் குறைந்தன. வயசு என்பது இப்படித்தான் வரும் என்று அவளே எண்ணிக்கொண்டாள். வயசு என்று நினைத்துக்கொண்டது பகலில்தான். குளிக்கும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. தோசைத் திருப்பி கையிலிருந்து நழுவியது, எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அப்புறம் டம்ளர். அப்புறம் சேலைக் கொசுவம். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை குழிந்து, தோலுக்கடியில் என்னமோ துடிப்பதுபோல நடுங்கி, மூன்றாவது வருஷம் மூச்சு விடுவதற்கும் பலமில்லாமல் போய்ச் சேர்ந்தாள். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தேழு. மனோன்மணிக்கு வருகிற தை வந்தால் ஐம்பத்தேழு. இடது கையின் அந்தச் சதையை வலது கையால் பிடித்துப் பார்ப்பது இந்த ஏழு மாசமாக அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இப்போதும் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

மருதாசலம் எட்டாம் நம்பரை மாட்டினார். "மெத்தான இரும்புங்க இது. அடிச்சு அடிச்சு அரை டிகிரி, ஒண்ணு, அப்பிடி இப்பிடித் தானா நகரும். அதுக்குத்தான் சீசன் நடுவுல ஒருக்காப் பாத்துக்கோணும்கறது. ஆனா மூணு..." என்று இழுத்துவிட்டு முள்ளைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணுங்க." முப்பத்தெட்டு இருக்க வேண்டியது. மட்டையின் கழுத்தில் ஒட்டியிருந்த காகித நாடாவில் 41 என்று மார்க்கரால் எழுதினார். நல்ல கையெழுத்து, அளவெடுக்கிறவர்களின் கையெழுத்து. "கடைசியா ஆருங்க பாத்தது?" என்று கேட்டார். பிப்ரவரி, பெங்களூர் என்றாள். எடுத்துப் போனது வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வருஷா வருஷம் அதுதானே வழக்கம். பிப்ரவரியில் சென்னியப்பன் பம்ப் கம்பெனி வேலையாகப் பெங்களூர் போவார், போகும்போது இரண்டு பைகளையும் காரில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துக் கொண்டுவருவார். அவர் பை கறுப்பு, அவள் பை நீலம். அவளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பையன் கனடா போன வருஷம், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, வா மனோ, காத்தாட நடக்கலாம் என்று கூட்டிப்போனார். கட்டை விரலை எங்கே வைப்பது, தலையை ஏன் தூக்கக்கூடாது, எல்லாம் அவர் சொன்னதுதான். ஒன்பது வருஷம் அவள் அவருக்குப் பின்னால் நடந்தாள். பத்தாவது வருஷம், போன டிசம்பரில், வருஷாந்திரப் போட்டியில் ஆணும் பெண்ணும் எல்லாரும் சேர்ந்து ஆடி, அவரவருக்கான சலுகைக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் முதலில் நின்றது அவள். இரண்டாவது அவர், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில். கிளப் ஹாலில் மரப்பலகை ஒன்று உண்டு, ஜெயித்தவர் பேரைப் பொன் எழுத்தில் எழுதுவார்கள். பதினாலு வருஷமாக அவர், தன் பேர் ஒரு தடவையும் ஏறாத அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார். அந்த டிசம்பர் சாப்பாட்டில் ஆளாளுக்கு அவரைக் கிண்டல் செய்தார்கள். என்னப்பா சென்னியப்பா, இனிமே உன் பையை நீ தூக்கு, அம்மிணி பையையும் நீயே தூக்கு என்று. எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அவர்தான். அவ்வளவு சிரித்தாரே. வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ரேடியோ வைப்பதில் என்ன இருக்கிறது, எல்லாரும் வைப்பதுதான். பெங்களூர் போவதற்கு முதல்நாள் அவள் மட்டைகளை அவரே உட்கார்ந்து துடைத்தார். பாசமாகத் துடைக்கிறார் என்று அவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

சே, என்ன நினைப்பு இது. அவள் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். பெங்களூர்க்காரன் தப்பாகச் செய்திருக்கலாம். வேறு யாரோ ஒருத்தருடைய சீட்டைப் பார்த்து இவளுடையதை வளைத்திருக்கலாம். நடக்காததா? நூற்பாலையில் நாற்பதாம் நம்பர் நூலை அறுபது என்று சீட்டு ஒட்டி அனுப்பி எத்தனை ரகளை. ஆனால் அதே பரிசோதனைக் கூடம்தான் அவளுக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்திருந்தது. தானாக வரும் கோளாறு சிதறி வரும். ஒன்று கூடும், ஒன்று குறையும், ஒன்று சொன்னபடி நிற்கும். எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவுக்குச் சாய்ந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், போய் யார் என்று பார். "முப்பத்தேளுங்க" என்றார் மருதாசலம். ஏழாம் நம்பர். முப்பத்துநாலு இருக்க வேண்டும். ஆறாம் நம்பர் முப்பத்துமூன்றரை, மூன்று கூட. ஐந்து, முப்பது, அதுவும் மூன்று. காகித நாடாக்கள் வரிசையாக மேஜைமேல் கிடந்தன. "இந்தக் குண்டு மட்டை ஒண்ணு தனியா இருக்குதுங்களே" என்று மணல் குழி மட்டையை எடுத்து மாட்டினார். அது பெங்களூர் போகவில்லை. அந்த வாரம் தோட்டத்தில் பழகுவதற்காக அதை மட்டும் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். "அம்பத்தாறுங்க. இது ஒண்ணுதான் கம்பெனிக்காரன் சொன்னபடி இருக்குது." கடவுளே, இதுவும் கோணலாக இருந்திருக்கக் கூடாதா. இதுவும் மூன்று டிகிரி சாய்ந்திருந்தால் இரும்பைத் திட்டியிருக்கலாம், மழையைத் திட்டியிருக்கலாம். "ஆராச்சும் சொல்லித்தானுங்க செஞ்சிருப்பாங்க" என்றார் மருதாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல். "சில பேரு பந்து உசரமாப் போகோணும்னு கேட்டு வாங்குவாங்க. கேக்காம இப்பிடி வளைக்க மாட்டாங்க, அதும் அத்தனையும் மூணு மூணா." உயரமாகப் போகட்டும் என்று நல்லதுக்குத்தான் செய்திருப்பாரோ? செய்திருந்தால் சொல்லியிருப்பாரே. ஒரு சட்டைக்குப் பொத்தான் மாற்றினாலே நாலு தரம் சொல்லிக்காட்டுகிற மனுஷர்.

சொல்வதற்கு அவருக்கு எத்தனை இடம் இருந்தது. அவள் ஒவ்வொரு இடமாகப் போய் நின்று பார்த்தாள். மார்ச்சில், குளத்தில் விழுந்த மூன்றாவது பந்துக்குப் பிறகு, என்னங்க ஆச்சு எனக்கு என்று கேட்டாளே, அங்கே. என்னமோ கை சோர்ந்திருக்கு, விடு என்றார். ஏப்ரலில் படுக்கையில், அம்மாவுக்கு இப்படித்தான் தொடங்குச்சு என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாளே, அங்கே. அவர் அவள் தலையைத் தடவினார். மே மாசம் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். கையில் ஊசி ஊசியாகக் குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குத்துக்கும் திரையில் கோடு துள்ளியது. அவள் திரையைப் பார்க்க மாட்டேன் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை இப்போது எவ்வளவு யோசித்தும் வேறு முகமாகப் பார்க்க முடியவில்லை. அதே முகம்தான், கவலையோடுதான் இருந்தது. கவலைப்பட்டுக்கொண்டே சும்மா இருக்க முடியுமா ஒருத்தரால்? பிறகு ஸ்கேன். சவப்பெட்டிக்குள் போவதுபோல அந்தக் குழாய்க்குள் போய்க் கிடந்து, டம் டம் என்ற இடிச் சத்தத்துக்கு நடுவே, சஷ்டி கவசத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லி நடுவில் மறந்து மறுபடி ஆரம்பத்துக்குப் போய், நாற்பது நிமிஷம். வெளியே வந்தபோது அவர் அவள் வளையலையும் தோட்டையும் கைக்குட்டையில் முடிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். டாக்டருக்குக் கோல்ஃப் தெரியாது. தெரியாததால்தானோ என்னவோ சரியான கேள்வியைக் கேட்டார். பெரிய மட்டையில் அடிக்கிறது முன்ன மாதிரியே போகுதுங்கிறீங்க, சின்ன மட்டையில மட்டும் குறையுதுங்கிறீங்க, கை ஒண்ணுதானே, மட்டைக்கு ஏதும் ஆகியிருக்காதா மேடம் என்று. அவள் வாய் திறப்பதற்கு முன்னால் சென்னியப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். பெரிய மட்டை தோள் பலத்துல போகும் டாக்டர், இது மணிக்கட்டு. மட்டையெல்லாம் பிப்ரவரியிலதான் செக் பண்ணினேன், கச்சிதமா இருக்கு. அவளும் தலையாட்டினாள். ஆமாம் டாக்டர், அவர்தான் பார்த்துக்குவார் என்று சொன்னாள். அதைச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

"மேடம், உங்க பையை எடுக்கறப்பப் பாத்தனுங்க, அய்யாவோட பையும் டிக்கியில இருக்குதுங்களே. அதையும் எடுத்தாந்து பாத்துரலாங்களா?" என்றார் மருதாசலம். கறுப்புப் பை. இரண்டு பைகளும் எப்போதும் அவள் காரில்தான் கிடக்கும். மனோன்மணிக்கு வாயில் எச்சில் ஊறியது, அசிங்கமாக இருந்தது. மூன்று டிகிரி. வேண்டாம், இரண்டு போதும். சொன்னால் மருதாசலம் அவற்றையும் சாய்த்துவிடுவார், யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு முன்னால் நின்று, என்ன ஆச்சு மனோ எனக்கு என்று அவர் கேட்பார். கை சோர்ந்திருக்குங்க, விடுங்க என்று அவள் தலையைத் தடவுவாள். ஊசிக்குக் கூட்டிப்போவாள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வாள். எவ்வளவு நேரம் இப்படி நின்றாள் என்று தெரியவில்லை. அந்த முகத்தை, கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தன் முகத்தை, பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பி வந்தாள். "அது வேண்டாங்க" என்றாள். சென்னியப்பன் செய்யவில்லை என்றே இருக்கட்டும். முப்பத்தொரு வருஷம். மாமனார் செத்தபோது அவள் மடியில் தலை வைத்து அழுத ஆள். பிரசவத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் நின்ற ஆள். ஒரு மரப்பலகைக்காக, ஒரு வரிப் பொன் எழுத்துக்காக? பெரிய விஷயத்துக்குத் துரோகம் செய்திருந்தாலாவது அழுவதற்கு ஒரு கௌரவம் இருக்கும். வேறு பெண், வேறு வீடு என்று ஊரில் கதை இருக்கிறது, அதற்கு அழ வழியும் இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரர் என் மட்டையை மூன்று டிகிரி சாய்த்துவிட்டார் என்றா? லீலாகூடச் சிரிப்பாள். பெங்களூர்க்காரன்தான். தப்பு அவன்தான். அவனுக்குப் போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது, எல்லா நம்பரும் அவரிடம்தான்.

அப்போது கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், அவர்தான். லேத் சத்தம் கேட்காத மூலைக்குப் போனாள். "எங்கிருக்கற மனோ? வீட்டுக்குப் போன் பண்ணுனா எடுக்கல."

"பீளமேட்டுல. மட்டை பாக்க வந்தேன்."

அந்தப் பக்கம் கம்பெனியில் பம்ப் சோதனை போடும் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "நேத்துதான சொன்னேன், எதுக்கு இப்பன்னு. நானே பெங்களூரு எடுத்துட்டுப் போறன்னு சொன்னனல்ல."

"பக்கத்துலயே இருக்காருன்னு லீலா சொன்னா. அதான்."

"மெஷின்ல வெச்சுப் பாத்தாரா, கண்ணாலயா?"

"மெஷின்லதாங்க."

"என்னங்கறாரு?"

மனோன்மணி மேஜையைப் பார்த்தாள். 49, 45, 41, 37, 33½, 30. தனியாக ஒன்று, 56. அவள் தன் வாழ்நாளில் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. மேனேஜர்கள் மேஜையைத் தட்டிக் கேட்டபோதும் சொன்னதில்லை. "எல்லாம் சரியா இருக்காம்" என்றாள். "கம்பெனிக்காரன் சொன்னபடியே இருக்காம். மட்டையில ஒரு குறையுமில்லேங்கறாரு."

"அப்பாடா" என்றார் சென்னியப்பன்.

அது மூச்சோடு சேர்ந்து வந்தது, யோசிக்காமல் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்ட தகப்பனின் வாயிலிருந்து வருமே அப்படி. பிறகு அவர் பேசிக்கொண்டே போனார், குரல் லேசாகிவிட்டது. நான்தான் சொன்னனே, எதுக்கு வெயில்ல அலையற, வரும்போது அன்னபூரணி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிட்டு வந்துரு, மத்தியானம் மோர்க்குழம்பு வெச்சா நல்லாருக்கும், போட்டிக்குப் பேரை எடுக்கறதுன்னா எடுத்துரு, ஒடம்புதான் முக்கியம் என்று என்னென்னவோ. அவள் ம் போட்டுக்கொண்டிருந்தாள். மட்டை சரியாக இருக்கிறது என்றால் கை சரியாக இல்லை. அவ்வளவுதானே அதற்கு அர்த்தம். ஏழு மாசமாக அவர்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த கேள்விக்கு அவள் இப்போது சொன்ன பதில் அது. உன் பெண்டாட்டிக்கு அவள் அம்மாவுக்கு வந்தது வந்துவிட்டது என்று சொன்னதற்குச் சமம். அதைக் கேட்டு ஒரு புருஷன் திடுக்கிட வேண்டும், நல்லாப் பாத்தாரா, இன்னொருக்காப் பாக்கச் சொல்லு என்று அடித்துக்கொள்ள வேண்டும். அவர் அப்பாடா என்றார். மட்டையில் குறை தெரியாமல் போனதே என்று அவர் மூச்சு விட்டார். "சரீங்க, வெச்சர்றேன்" என்று போனை அணைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காலுக்குக் கீழே இருந்த சிமெண்ட் தரை மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தது.

மணி பதினொன்று ஐம்பது. செக்ரட்டரிக்குப் போன் போட்டாள். "மனோன்மணி பேசறேங்க. ஆமாங்க, போட்டிக்குத்தான். என் பேர் இருக்கட்டும்" என்றாள். அவர் என்னமோ சந்தோஷம் சொன்னார், அதைக் கேட்டுக்கொள்ளாமல் வைத்துவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். மருதாசலம் போன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சின்ன அறை, கேட்காமல் இருக்க முடியாது. எல்லாம் சரி என்று அவர் சொன்னதாக அவள் சொன்ன பொய் அவர் காதில் விழுந்திருக்கும். ஏழாம் நம்பரைப் பிடிக்குள் மாட்டி, நீளமான வளைக்கும் கம்பியை அதன் கழுத்தில் கோத்துவிட்டு நின்றார். "என்னங்க மேடம் செய்யறது?" "அத்தனையும் பழைய நம்பருக்கே கொண்டுவந்துருங்க. அரை டிகிரிகூட விடாதீங்க" என்றாள். அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நிதானமாக அழுத்தினார். இரும்பு ஒரு சத்தமும் போடவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவள் பார்த்தாள். பெங்களூரிலும் இப்படித்தான், ஒரு மட்டைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முள் முப்பத்தேழிலிருந்து முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று இறங்கி முப்பத்துநாலில் நின்றது. மருதாசலம் நாடாவில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தவர், அவள் மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"வந்ததுலேருந்து பாக்கறனுங்க, எடது கையைப் புடிச்சுட்டே இருக்கறீங்க. கைக்கு என்னாச்சுங்க மேடம்?"

மனோன்மணி குனிந்து பார்த்தாள். கட்டை விரலுக்குப் பக்கத்துச் சதையை வலது கை அழுத்திப் பிடித்திருந்தது. பிடித்த இடம் வெளுத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ரத்தம் ஓடி வந்து அந்த இடம் மறுபடி நிறத்துக்கு வந்தது.

"கைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.